விரலை எடுக்காத வரை

"காபி மிஷின் ஆன் ஆக மாட்டேங்குது" என்று சமையலறையிலிருந்து கணவரின் குரல் வந்தபோது அவள் படுக்கையில் கண்ணைத் திறக்காமலேயே கிடந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீடு திரும்பிய மறுநாள் காலை அது. குரலில் ஒரு குறையும் இல்லை. முன்பெல்லாம் தண்ணீர்த் தொட்டியைக் குழாயில் பிடிக்கும் சத்தம், மூடி டக்கென்று பூட்டும் சத்தம், பிறகு மிஷின் தொண்டையைச் செருமிக்கொண்டு வேலையை ஆரம்பிக்கும் சத்தம், அதன் பின்னாலேயே கதவிடுக்கு வழியாக வந்து மூக்கைத் தொடும் அந்தக் கருகல் வாசனை, எல்லாம் வரிசை தவறாமல் வரும். இன்று முதல் இரண்டு சத்தங்களோடு வரிசை நின்றுபோயிருந்தது.

அந்த வீட்டில் காலைக் காபி அவருடைய இலாகா. மற்ற வேலைகளில் மனிதர் சுத்த சோம்பேறி. மடிக்கச் சொன்ன துணியைப் பந்தாகச் சுருட்டி அலமாரிக்குள் அடைத்துவிட்டு நல்ல பிள்ளை மாதிரி நிற்பார். காபி மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை. காபித்தூள் அடைத்த கேப்ஸ்யூலைப் போட்டு, மூடியை அமுக்கி, மேலே இருக்கும் கண்ணாடி வட்டத்தில் விரலை வைக்க வேண்டும். பொத்தான் என்று எதுவும் கிடையாது. விரல் பட்டதும் வட்டத்தைச் சுற்றி வெள்ளை விளக்கு எரியும், காபி இறங்கும். விரல் இருக்கும் வரை இறங்கும், எடுத்தால் நின்றுவிடும். அவளுக்கு முக்கால் கோப்பை, அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது. அந்தக் கணக்கு அவர் விரலுக்குத் தெரியும்.

ஆபீஸ் படிக்கட்டில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று அவளிடம் சொன்னார். சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றபோதே உள்ளேயிருந்து நர்ஸ் ஓடி வந்தாள். இதயம் மறுபடி துடிக்கிறதாம். லட்சத்தில் ஒருவருக்குத்தான் இப்படி என்றார்கள், நீ கொடுத்து வைத்தவள் என்றார்கள். முதல் செய்திக்கு அழ ஆரம்பிப்பதற்குள் இரண்டாவது செய்தி வந்துவிட்டதால் அவள் எதற்குமே அழவில்லை. பல் பிடுங்கும்போது போடும் ஊசிக்குப் பிறகு கன்னம் இருக்குமே, அப்படி உள்ளே ஏதோ ஒன்று மரத்துப்போய்க் கிடந்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். வீடு பழையபடி இருக்க வேண்டும். சில நிமிடம் அப்பா இல்லாத பிள்ளையாக இருந்தது தன் மகளுக்குக் கடைசிவரை தெரியக் கூடாது.

எழுந்து போய்ப் பார்த்தாள். பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினாள். அதே பாயின்ட்டில் மிக்ஸியைச் செருகிப் பார்த்தாள், அது ஊரைக் கூட்டுகிற சத்தத்தோடு ஓடியது. மிஷினை வேறு பாயின்ட்டுக்கு மாற்றினாள். தண்ணீர்த் தொட்டியைக் கழற்றி மாட்டினாள். ஒயரில் எங்கேயாவது விட்டுப்போயிருக்கிறதா என்று விரலால் நீவிப் பார்த்தாள். கடைசியில் வட்டத்தைத் தொட்டாள். வெள்ளை விளக்கு எரிந்தது.

"இப்ப எரியுதே" என்றாள்.

அவர் தொட்டார். அணைந்து கிடந்தது. அவள் தொட்டாள், எரிந்தது. அவர் தொட்டார், இல்லை. கட்டை விரல், நடு விரல், உள்ளங்கை என்று அவர் பொறுமையாக மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்ததை அவள் பக்கத்திலிருந்து பார்த்தாள். முன்பாக இருந்தால் இதற்குள் மிஷினை நாலு வார்த்தை திட்டியிருப்பார். இப்போது அவர் முகத்தில் கோபம் இல்லை. வேறு எதுவும் இல்லை.

"பரவால்ல, இனிமே நீயே போடு" என்றார்.

அவள் போட்டுக் கொடுத்தாள். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவள் சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு வருவதற்குள் காபியில் ஆவி நின்று மேலே ஆடை கட்டியிருந்தது. கோப்பையைத் தொட்டுப் பார்த்தாள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது.

கம்பெனி நம்பருக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும் குரலில் பிளக், தொட்டி, மூடி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு தொடுகிறார்களா என்றாள். இல்லை என்றதும் கொஞ்சம் யோசித்தாள். தோல் ரொம்பக் காய்ந்திருந்தால் சில சமயம் மிஷினுக்கு விரல் தெரியாதாம், கையில் க்ரீம் தடவிப் பார்க்கலாமாம். அவளுக்கு மனசு லேசானது. ஆஸ்பத்திரி ஏசியில் அத்தனை நாள் கிடந்த உடம்பு, காயாமல் என்ன செய்யும்? அவருடைய செல்போன் அவர் விரலுக்கு நகராததற்கும், லிஃப்ட்டில் அவர் தொட்ட எண் எரியாததற்கும் அதே காரணத்தை எடுத்துப் பொருத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலத்திலிருந்து அவர் கைக்கு க்ரீம் தேய்ப்பது வழக்கமானது. அவர் சோபாவில் சாய்ந்து இரண்டு கையையும் நீட்டிவிடுவார். வலது கை அவளுக்கு. இடது கையைத் தனக்குக் கொடுக்க வேண்டும் என்று மகள் அடம் பிடித்தாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் வாண்டு, அப்பாவுக்கு வைத்தியம் செய்வதில் அவளுக்கு அப்படியொரு பெருமை. கொடுத்தாள். பெற்றவள்தான் கொடுத்தாள். "நல்லா அழுத்தித் தேய்டா, அப்பா கை சூடாகணும்" என்று சொல்லிக் கொடுத்ததும் அவள்தான்.

எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கை சூடாகவில்லை. க்ரீமில் ரோஜா வாசனை, அதற்கு அடியில் அவருடைய வியர்வை வாசனை இருக்க வேண்டும், அது மட்டும் இல்லை. கழுவி வைத்த பீங்கான் பாத்திரத்துக்கு என்ன வாசனையோ அதுதான்.

மெக்கானிக் வந்தது அடுத்த வாரம். வாய் ஓயாத ஆள். வந்தவுடனே முந்தைய வீட்டில் மிஷினுக்குள் பல்லி குடும்பம் நடத்தியதைச் சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தார். பின்பக்கத்தைத் திறந்தார், மூடினார், தன் விரலை வைத்தார், எரிந்தது. மிஷின்மேல் தப்பே இல்லை என்றார். அவள் கணவரைக் கூப்பிட்டுத் தொடச் சொன்னாள். எரியவில்லை.

"சார், கையைக் காட்டுங்க" என்று மெக்கானிக் அவர் கையைப் பிடித்தார்.

பேச்சு நின்றது. மெக்கானிக் அவர் கையை விட்டுவிட்டு, பிடித்திருந்த தன் கையால் வட்டத்தைத் தொட்டார். எரியவில்லை. ஊதிவிட்டுத் தொட்டார். எரியவில்லை. இன்னொரு கையால் தொட்டார், எரிந்தது. பிறகு ஸ்க்ரூ டிரைவர்களைப் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு, அந்த ஒரு கையை மட்டும் பேன்ட்டில் துடைத்துத் துடைத்து விட்டுக்கொண்டே வாசலுக்குப் போனார். ஷூவை மாட்டும்போது நிமிராமலே கேட்டார்.

"அக்கா, பாப்பா யார்கூடப் படுக்குது?"

"அவ அப்பாகூடதான். ஏன்?"

அவர் லிஃப்ட்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கும் சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டது.

அன்று சாயங்காலம் அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். சோபாவில் அப்பாவின் இடது கையை மடியில் போட்டுக்கொண்டு மகள் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். போதும் விடு, எழுந்து வா என்று எந்த வாயால் சொல்வது? அன்றைக்குத்தான் நாத்தனார் போன் செய்து, என் தம்பி முழுசாகத் திரும்பி வந்திருக்கிறான், நீயாக எதையாவது நினைத்துக் குழப்பிக்கொள்ளாதே என்று சொல்லியிருந்தாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயம் பக்கத்து வீட்டு டிவி மாதிரி சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. போய் அவர் வலது பக்கம் உட்கார்ந்தாள். க்ரீமைத் திறந்தாள்.

பார்சல் கம்பெனியில் அவளுக்கு வேலை. உள்ளே நுழையும்போது கைரேகை வைக்க வேண்டும். ஒரு காலையில் மிஷின் அவள் ஆள்காட்டி விரலை ஏற்கவில்லை. கட்டை விரலையும் ஏற்கவில்லை. பின்னால் வரிசை நீண்டது. "பாத்திரம் தேய்ச்சே ரேகை போயிடுச்சா? இனிமே அவரைத் தேய்க்கச் சொல்லு" என்று உடன் வேலை பார்ப்பவள் கிண்டல் செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். இடது கையின் மோதிர விரலை வைத்தபோது கதவு திறந்தது.

அந்த வாரமே அடுப்பில் கொதித்த பாத்திரத்தின் மூடியை வெறும் கையால் எடுத்தாள். தோல் கருகும் வாசனை முதலில் வந்தது. வலிக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. விரல் நுனியைப் பார்த்தாள், வெளுப்பாக, சுத்தமாக இருந்தது. மூடியை ஓரமாக வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தாள்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை. விடிந்துவிட்டது, ஆனால் ஜன்னலில் இன்னும் வெளிச்சம் சாம்பலாகத்தான் இருந்தது. படுக்கையில் அவள் மட்டும்தான். தண்ணீர்த் தொட்டியைக் குழாயில் பிடிக்கும் சத்தம் கேட்டது. மூடி டக்கென்று பூட்டியது. பிறகு ஒன்றுமில்லை. ஃப்ரிட்ஜின் முனகல், கீழே தெருவில் யாரோ கார் கதவைச் சாத்துவது, மறுபடி ஃப்ரிட்ஜின் முனகல்.

"அம்மா, மிஷின் ஆன் ஆக மாட்டேங்குது."

மகளின் குரல். ஒரு குறையும் இல்லை.

எழுந்து போனாள். தரை காலில் படவே இல்லை போலிருந்தது.

ஸ்டூல்மேல் ஏறி நின்றுகொண்டு மகள் வட்டத்தில் விரல் வைத்துக்கொண்டிருந்தாள். பால் சாக்லேட் கேப்ஸ்யூல் போட்டிருந்தாள், அடியில் தன் முயல் கோப்பையை வைத்திருந்தாள். ஒவ்வொரு விரலாக. பொறுமையாக. இடது கை முடிந்து வலது கை. விளையாட்டுக்குக் குனிந்து மூக்கு நுனியை வைத்தாள். கன்னத்தை வைத்தாள். எரியவில்லை. முன்பாக இருந்தால் இதற்குள் காலை உதைத்து வீட்டை ரெண்டாக்கியிருப்பாள்.

கணவர் பின்னால் நின்றிருந்தார். மகளின் தோளில் கை.

"அம்மா வெச்சா எரியும்" என்றார். "அம்மாவ வெக்கச் சொல்லு."

அவள் கிட்டே போனாள். குழந்தையின் தலையை மோந்து பார்த்தாள். வேண்டாம் என்று நினைத்தபடியேதான் பார்த்தாள்.

பீங்கான்.

எங்கேயோ தூரத்தில் ஒரு பெண் வாய்விட்டு அலறுவது அவளுக்குத் தெரிந்தது. அப்படி அலற வேண்டியவள் தான்தான் என்பதும் தெரிந்தது. இங்கே உதடுகூட அசையவில்லை.

வலது கையை வைத்தாள். எரியவில்லை. எந்த விரலுக்கும் இல்லை. இடது ஆள்காட்டி. இல்லை. நடு விரல். இல்லை. நேற்று வரை கதவு திறந்த மோதிர விரல். இல்லை.

சுண்டு விரல்.

விளக்கு எரிந்தது. மிஷின் தொண்டையைச் செருமியது. முயல் கோப்பைக்குள் பால் சாக்லேட் இழையாக இறங்க ஆரம்பித்தது. ஆவி வந்தது. வாசனை வந்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"உன் விரல் சூடா இருக்கும்மா" என்றாள் மகள்.

சின்னக் கையால் அந்தச் சுண்டு விரலை மூடிப் பிடித்துக்கொண்டாள். விடச் சொல்ல வேண்டும். சொல்லலாம். சொன்னால் விட்டுவிடுவாள், அப்புறம் இந்த வீட்டில் தான் ஒருத்தி மட்டும் மிச்சம். அவர் தன் கையை எடுத்து மகளின் கைமேல் வைத்தார். அழுத்தமாக. க்ரீம் தேய்க்கும்போது அவள் சொல்லிக்கொடுத்த அதே அழுத்தம்.

கால் கோப்பை.

ஆவி குறைந்தது.

அரைக் கோப்பை.

அவள் விரலை எடுக்கவில்லை. வட்டத்தின்மேல் அது அப்படியேதான் இருந்தது. இழை மெலிந்தது, சொட்டாக மாறியது, நின்றது. விளக்கு அணைந்தது. மூன்று பேரும் கையை எடுக்காமல், கோப்பையைப் பார்த்துக்கொண்டு, அடுத்த சொட்டுக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.