பாதியில் நின்ற படிவம்

மின்கட்டணத்தைக் கட்டி முடித்த அம்புக்குறி ஓயவில்லை. தன்யா இரண்டு கைகளையும் மடியில் வைத்திருக்கும்போதே அது திரையின் மேலே ஏறி, வரிசையாகக் கிடந்த ப்ரவுசர் டேப்புகளின்மேல் ஊர்ந்து, எதையோ தேடுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனது. நாம் சொன்ன வேலையைத்தானே செய்கிறது என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

நாகர்கோவில் கம்பெனி ஒன்றுக்காக ஆரல்வாய்மொழியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள் அவள். ஏஐ உதவியாளரை ப்ரவுசரோடு இணைத்துவிட்டால் அது மனிதரைப் போலவே பக்கங்களைத் திறக்கும், படிவம் நிரப்பும், பட்டனை அமுக்கும். அதைக் கடைக்காரர்களுக்கு அமைத்துக் கொடுப்பது அவள் தொழில். சோதித்துப் பார்க்க எப்போதும் புது ப்ரவுசரைத்தான் கொடுக்க வேண்டும், சொந்தக் கணக்குகள் திறந்து கிடப்பதைக் கொடுக்கவே கூடாது என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் படித்துப் படித்துச் சொல்கிறவளும் அவள்தான். ஊருக்குத்தான் உபதேசம். சாயங்காலத்துக்குள் முடிக்கவேண்டிய அவசரத்தில் இன்று தன்னுடையதையே இணைத்துவிட்டாள். ‘ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்க வேண்டாம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டு, ‘திறந்திருக்கும் பக்கங்களில் பாதியில் நின்ற வேலைகளை முடி’ என்று ஒரு வரியும் எழுதியிருந்தாள்.

வெளியே ஆடிக் காற்று கணவாயில் கிளம்பி, காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு, ஜன்னல் இடுக்கில் ஊளையிட்டு, மூடிய அறைக்குள்ளும் புழுதி வாடையைக் கொண்டுவந்து நிரப்பியது. அந்த ஊளைக்கு நடுவே, சுவருக்கு அந்தப் பக்கம், கண்ணாடி வளையல்கள் குலுங்கின. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்ததில் அந்தப் பாதி கொழுந்தனுக்கு. வளையல்கள் அவன் மனைவி நந்தனாவுடையவை.

“அக்கா, புளிசேரி வச்சிருக்கேன். கொண்டு வரட்டா?”

“வேண்டாம் மக்கா. நீ அலையாத, இரு.”

குரலில் தேன். நெஞ்சில் கொள்ளி. நந்தனாவுக்கு இது ஏழாம் மாதம் முடிந்து எட்டு. தன்யாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். போன மாதம் வளைகாப்பில் தட்டிலிருந்து வளையல் எடுக்கக் கை நீட்டியபோது, மாமியார் பகவதியம்மாள் அவள் மணிக்கட்டை மெல்லப் பிடித்து, “நீ கடசியில போடலாம் மக்கா” என்றாள். கூடியிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள். கடைசியில் தட்டில் வளையல் இருக்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் கிலுகிலுப்பு கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பொறாமைதான், வேறு பெயர் எதற்கு? நந்தனா நல்லவளாக இருந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அம்புக்குறி ஒரு டேப்பில் நின்றது.

தன்யா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வளைகாப்பு அன்று இரவு அழுது முடித்தபின் அவள் தேடிக் கண்டுபிடித்த பக்கம் அது. யாரோ ஒரு மந்திரவாதி. நேரில் போக வேண்டாம், படிவம் போதும். நந்தனாவின் பெயரை எழுதியிருந்தாள், வேண்டியதையும் எழுதியிருந்தாள். நட்சத்திரமும் படமும் கேட்ட இடத்தில் பயந்து நிறுத்திவிட்டாள். ஆனால் மூட மனசு வரவில்லை.

ஓரத்தில், உதவியாளர் செய்வதைச் சொல்லும் பட்டையில், வரிகள் ஓடின.

‘நட்சத்திரம்: மெயிலில் இருந்த நந்தனாவின் ஜாதகத்திலிருந்து எடுக்கப்பட்டது. அனுஷம்.’

‘படம்: குடும்ப ஆல்பத்திலிருந்து சேர்க்கப்பட்டது.’

இரண்டு கைகளாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நந்தனா திரையில் சிரித்தாள். அதற்குக் கீழே, ‘உமக்கு வேண்டியது’ என்ற கட்டத்தில், தன்யா எழுதிய வரி அப்படியே இருந்தது.

‘அவளுக்கு இருப்பது எனக்கு வேண்டும்.’

பாய்ந்து மவுஸைப் பிடித்தாள். அம்புக்குறி அவள் கைக்கு வரவில்லை. ‘நிறுத்து’ பட்டனை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். எழுந்து ஓடி ரூட்டரின் வயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. திரும்பி வந்து பார்த்தாள்.

‘அனுப்பப்பட்டது.’

போயிருக்காது. நெட்தான் இல்லையே. போயிருக்கவே செய்யாது. நாற்காலியில் உட்கார்ந்தாள். வயர் இன்னும் கையில் இருந்தது.

படிவத்தின் கீழே புதிதாக ஒரு வரி வந்தது.

‘பெற்றுக்கொண்டோம்.’

ரூட்டரைப் பார்த்தாள். விளக்கு இல்லை.

‘பாதியில் நின்ற வேலைகள்: எதுவும் இல்லை.’

காற்று நின்றது. ஆடி மாதத்தில். ஆரல்வாய்மொழியில். ஊளை இல்லை. இலை அசையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வளையல்கள் ஒரே ஒருமுறை குலுங்கி அடங்கின. செருப்பில்லாத கால்கள். முற்றம். படி. வாசல்.

“அக்கா...”

தன்யா திரும்பினாள்.

“பிள்ள அனங்கல்லக்கா, ஒரு அசைவும் இல்ல. இப்பம் வர நல்லா அனங்கிட்டுதான் கெடந்து. எனக்குப் பேடியா இருக்கு.”

காலையில் வயிற்றில் இறுகிப் பிடித்துக்கொண்டிருந்த நைட்டி அவள் மேல் தொளதொளவென்று தொங்கியது. அதற்குள் எதையோ தேடி இரண்டு கைகளும் மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்ல தன்யா வாய் திறந்தாள். அவளுடைய அடிவயிற்றின் உள்ளிருந்து, ஒரு சின்னக் குதிகால், மெல்ல, இடம் பார்த்து, உதைத்தது.

அவள் கை தானாக எழுந்து அதை மூடிக்கொண்டது. நந்தனா பார்த்துவிடாதபடி.