கடைசி அரை அங்குலம்

வைஜயந்தி பிளேடைச் சுண்டினாள். டிங். ஸ்க்ரோல் சா என்கிற மரம் அறுக்கும் மெஷினில் பிளேடு சரியாக இறுகியிருந்தால் வீணைக் கம்பி போலக் கணீரென்று ஒலிக்கும். இது அப்படித்தான் ஒலித்தது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகு இன்னொரு டிங் கேட்டது. தரைக்குக் கீழிருந்து.

கீழ் வீட்டு பேட்ரிசியா டீச்சர் ஏதாவது பாத்திரத்தைப் போட்டிருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஸ்ரீரங்கத்தில், மூன்றாவது மாடி ஃப்ளாட்டின் ஸ்டோர் ரூம் அது. எட்டடிக்கு ஆறடி. ஜன்னல் கிடையாது. மகள் பவித்ராவுக்கு இளைப்பு உண்டு, மரத்தூள் ஆகாது. அதனால் ஞாயிறு மதியங்களில் கணவன் அபிராம் கதவை வெளியே தாழிட்டு, இடுக்கெல்லாம் பிரவுன் டேப் ஒட்டிவிட்டு, குழந்தையைத் தன் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவான். தாழ்ப்பாள் எதற்கென்றால், போன மாதம் பவித்ரா திடுமென்று ஓடிவந்து கட்டிக்கொண்டதில் வைஜயந்தியின் விரல் பிளேடை உரசிவிட்டது. கவனம் சிதறும் என்று செல்போனுக்கும் உள்ளே அனுமதி இல்லை. எல்லாம் அவள் போட்ட சட்டங்கள்தான். காலேஜ் லேபில் வேலை பார்க்கிறவளுக்குச் சட்டம் போடாமல் இருக்கத் தெரியாது.

"கண்ணாடி போட்டுண்டியா?" என்று இன்றும் கிளம்பும்போது அபிராம் வெளியிலிருந்து கேட்டிருந்தான்.

"போட்டுண்டாச்சு, மாஸ்க்கும்தான். நீங்க கிளம்புங்கோ."

"அஞ்சு மணிக்கு வந்துடறோம்."

இந்த வருடக் கொலுவுக்குத் தங்கள் ஃப்ளாட்டையே ப்ளைவுட்டில் செய்துகொண்டிருந்தாள். அறைகளின் தரையை அப்படியே வெட்டி எடுத்துவிட்டு, அடியில் மஞ்சள் பல்பு வைப்பதாகத் திட்டம். முதலில் ஸ்டோர் ரூம். சின்னது, தப்பினாலும் தெரியாது.

பலகையின் நடுவில் வெட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மூலையில் டிரில்லால் ஓட்டை போட்டு, பிளேடை அதில் நுழைத்து, மேலே மாட்டி இறுக்கி, சுண்டிப் பார்க்க வேண்டும். அதையெல்லாம் முடித்துவிட்டாள். இனிப் பிளேடைக் கழற்றாமல் பலகை வெளியே வராது.

கால் சுவிட்சை மிதித்தாள். மெஷின் உறுமியது. பலகையைத் தள்ளாமல், விரல்களைத் தள்ளியே வைத்து, பிளேடின் போக்கிலேயே பொறுமையாக நகர்த்த, ப்ளைவுட் லேசாகக் கருகும் வாசனையும் எக்ஸாஸ்ட் ஃபேனின் முனகலும் அந்தச் சின்ன அறையை நிறைத்தன. ஒரு பக்கம், இரண்டு பக்கம், மூன்று பக்கம். மூலையில் பலகையைத் திருப்புவதற்காகக் காலை எடுத்தாள். மெஷின் நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

குனிந்து பார்த்தாள். அறை மூலையில், டைல்ஸில், பென்சில் பருமனுக்கு ஒரு ஓட்டை. சுற்றிலும் வெள்ளைச் சிமென்ட் தூள். அங்கிருந்து புறப்பட்ட முடி அளவுக் கீறல் ஒன்று சுவரோரமாகவே ஓடி, திரும்பி, மறுபடி திரும்பி, கதவு நிலையின் பக்கத்தில் வந்து நின்றிருந்தது. மூன்று பக்கம். ஓட்டையிலிருந்து வார்னிஷ் வாசனை வந்தது. அவள் வீட்டில் இன்னும் வார்னிஷ் டப்பாவைத் திறக்கவே இல்லை.

பிளக்கைப் பிடுங்கினாள். கீழே உறுமல் அப்படியே இருந்தது. கதவைக் கைவலிக்கத் தட்டினாள், கத்தினாள். மூன்றரை மணி. ஐந்துக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது.

நான்காவது பக்கம் கதவுப் பக்கம். அதை நான் வெட்டவில்லை. வெட்டாதவரை விழாது.

பலகையைத் தொடாமல் சுவரில் ஒண்டி உட்கார்ந்தாள். கீழே பிளேடு நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. வெட்டவில்லை. காத்திருந்தது.

வெளியே செருப்புச் சத்தம். மறுபடி கத்தினாள்.

"வைஜு, இன்ஹேலரை மறந்துட்டோம். ஏன் இப்படிக் கத்தறே?" அபிராம் டேப்பைப் பர்ரென்று கிழித்தான்.

"குழந்தையைப் பிடிச்சுக்கோங்கோ. உள்ளே விடாதீங்கோ."

சுவரைப் பிடித்து எழுந்தாள். தாழ்ப்பாள் விலகியது. பவித்ராவை யாரால் பிடிக்க முடியும். அப்பாவின் கைக்கு அடியில் நுழைந்து ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். குழந்தையின் இடது பாதம் கால் சுவிட்சின் மேல் இருந்தது.

மெஷின் அசையவில்லை. பிளக் தரையில் கிடந்தது.

கீழே வெட்டத் தொடங்கியது.

வாசற்படியோரம் வெள்ளைத் தூள் சீறியது. வைஜயந்தி குழந்தையை வாரித் தூக்கினாள். கதவுக்கு இரண்டு எட்டு. இரண்டே எட்டு. நடுவில் மெஷின் மேஜை. இடித்துக்கொண்டாள்.

கீழே சத்தம் மெதுவானது.

அவளுக்குத் தெரியும். கடைசி அரை அங்குலத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் துண்டு எகிறும். குறைத்துவிட்டு, விழாமல் அடியில் கை கொடுக்க வேண்டும்.

சத்தம் நின்றது.

அடியில் ஏதோ வந்து மெத்தென்று தாங்கியது. நான்கு பக்கக் கீறலிலிருந்தும் மஞ்சள் வெளிச்சம் எழுந்தது.

"அம்மா, லைட்டு" என்றாள் பவித்ரா.

வைஜயந்தி குழந்தையைக் கதவை நோக்கி நீட்டினாள். அபிராமின் கைகள் இருக்க வேண்டிய உயரத்தில் அவனுடைய பாதங்கள் இருந்தன.