எட்டு ஓம்!

ட்ரிங்... ட்ரிங்...!

வேனின் பின்கதவுக்குள் தலையை விட்டிருந்த ஷிஃபானா, கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே செருகிக்கொண்டாள். லிங்கநகரில் வாகனங்களுக்கு சவுண்ட் செட் பூட்டும் கடை அவளுடையது.

"இன்ஸ்பெக்டர் கதைக்கிறன். தம்பலகாமத்தில டிரைவரைக் கொலை செய்துபோட்டு, வெள்ளை வேன் ஒண்டைக் கொண்டுபோயிட்டாங்கள். பின்னுக்கு ரெண்டு பெரிய சப்வூஃபர் ஸ்பீக்கர். உங்கட கடைக்கு வந்ததோ?"

வெள்ளை வேன். இரண்டு சப்வூஃபர்...!

வேனைக் கொண்டுவந்த நெடியவன் அவள் முதுகுக்குப் பின்னால்தான் நின்றான். கையில் நீளமான ஸ்குரூ டிரைவர்!

"ஆர் ஃபோன்ல?" என்றான்.

"கஸ்டமர். ஓம் கணக்குக் கேக்கிறார்."

ஸ்பீக்கரின் மின்தடையை அளக்கும் அலகு ஓம். திருகோணமலையில் 'ஆமாம்' என்பதும் ஓம். உயிர் பிழைக்க அவளிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

"வேன் அங்க நிக்குதா?"

"ஓம்... ஒவ்வொண்டும் நாலு ஓம்."

"கொண்டு வந்தவன் பக்கத்திலயா?"

"ஓம். ரெண்டையும் பரலலில குடுத்தா ரெண்டு ஓம்."

"ரெண்டு பேரா?!"

"இல்லையில்லை, அதை ஆம்ப்ளிஃபயர் தாங்காது. சீரீஸ்ல குடுத்தா எட்டு ஓம்."

"எட்டுப் பேரா...?!"

தொடர்பு அறுந்தது.

நெடியவன் சட்டைப்பைக்குள் கையை விட்டான். ஷிஃபானா மனதுக்குள் கலிமா சொல்லிக்கொண்டாள்.

கத்தி வரவில்லை. பொலிஸ் அடையாள அட்டை வந்தது!

"பயப்படாதேங்கோ. நான் இன்ஸ்பெக்டர் இராகுலன். கொலைகாரன் எங்களைக் கண்டு வேனை விட்டிட்டு ஓடினவன். சப்வூஃபர் பெட்டிக்குள்ள தங்கம் இருக்கெண்டு சந்தேகம். வெளியில தெரியாமக் கழட்டிப் பார்க்கத்தான் வந்தனான்."

"அப்ப... ஃபோன்ல கதைச்ச இன்ஸ்பெக்டர்?"

"இந்தக் கேஸுக்கு இன்ஸ்பெக்டர் நான் ஒருத்தன்தான். உங்களோட கதைச்சது கொலைகாரன்!"

"யா அல்லாஹ்! வேன் இங்கதான் நிக்குதெண்டு அவனிட்டச் சொல்லிப்போட்டனே! உங்கட ஆக்கள் எங்க?"

"கூப்பிட்டா வர நேரம் எடுக்கும். நான் தனிய வந்தனான்."

ட்ரிங்...!

அதே நம்பர்.

"தங்கச்சி, உங்கட ஒழுங்கைக்குள்ள வந்திட்டன். உண்மையா எட்டுப் பேரோ?"

ஷிஃபானா இராகுலனைப் பார்த்தாள். ஒற்றை ஆள். துப்பாக்கியும் இல்லை.

"ஓம்" என்றாள்.

வெளியே அந்தக் குறுகிய ஒழுங்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் அவசரமாகத் திரும்பும் சத்தம் கேட்டது.

"அப்ப எனக்கு ஏலாது தங்கச்சி. நீங்கள் ஒருக்காப் பொலிசுக்கு ஃபோன் அடியுங்கோ!"