டி வரிசை, பதினொன்றாம் சீட்

வகுப்பில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். ‘வெடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் வாயைத் திறந்தால் சிரிப்பு வெடிக்குமாம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, நிறையவே பெருமை. அந்தப் பெருமை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். சொல்லும்போதே காது சூடாகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி அரை நாள்தான். நானும் என் தோழிகள் ரெட்டைஜடையும் சோடாபுட்டியும் தெருமுனைத் தியேட்டருக்குப் படம் பார்க்கப் போனோம். துணைக்கு ரெட்டைஜடையின் அக்கா வந்தாள்.

வேற்று மொழியில் எடுத்து, நம் மொழியில் குரல் கொடுத்த படம் அது. அக்கா, தங்கை என்று இரண்டு சூனியக்காரிகள். அக்காவுக்கு ரொட்டிக் கடைக்காரன் மேல் காதல் வந்துவிடும். காதல் வந்த சூனியக்காரிக்குத் துடைப்பம் பறக்காது. பாவம், அவள் ரொட்டிக் கடைக்குப் பேருந்தில் போவாள். தங்கையோ அந்தக் கல்யாணத்தை நிறுத்த என்னென்னவோ மருந்து காய்ச்சுவாள். எல்லாம் தப்பாகப் போய், ரொட்டிக் கடைக்காரனுக்கு வால் முளைக்கும். தியேட்டரே சிரித்தது.

கடைசியில் அக்கா அழுவதைப் பார்த்துத் தங்கை மனம் மாறுவாள். “நீ போ அக்கா. எனக்கு நல்லா சமைக்கத் தெரியும்” என்று சொல்வாள். அவளுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. அந்த இடத்தில் நான் அழுதேன். சும்மா கண் கலங்கவில்லை. மூக்கு ஒழுக அழுதேன். இருட்டாக இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

விளக்குப் போட்டதும் ரெட்டைஜடை, “ஐயே, ஒரே கல்யாணப் படம்! செம போர்!” என்றாள்.

“ஆமா, சின்னப் பிள்ளைங்க பார்க்கிற படம். உனக்கு எப்படி இருந்துச்சு வெடி?” என்று கேட்டாள் சோடாபுட்டி.

இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். “சகிக்கலை!” என்றேன்.

அந்தத் தியேட்டரில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே வரும் வழியில் ஒரு மேசை. அதன் மேல் கருத்து அட்டைகள், ஒரு பெட்டி, நூலில் கட்டிய பேனா. படம் எப்படி என்று எழுதி, பெயருக்குப் பதில் சீட் எண்ணைப் போட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை இடைவேளையில் மேனேஜர் மூன்று அட்டைகளை மைக்கில் வாசிப்பார். எதற்குக் கைதட்டல் அதிகமோ அதற்குப் பரிசு. பாதி டிக்கெட்டைக் காட்டிப் பரிசை வாங்கிக்கொள்ளலாம்.

நான் பேனாவை எடுத்தேன். தோழிகள் இரண்டு பேரும் என் தோளில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள்.

‘தங்கை சூனியக்காரியின் குரலைக் கேட்டு எனக்குப் பல் கூசியது. விக்கல் எடுத்த ஆட்டுக்குட்டி மாதிரி சிரிக்கிறாள். அவளைத் துடைப்பத்தில் ஏற்றியதற்குப் பதில் அதே துடைப்பத்தால் இரண்டு போட்டிருக்கலாம். டி வரிசை, 11.’

தோழிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் அட்டையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, ராணி மாதிரி நடந்து வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடி அத்தை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். அவர் சொந்த அத்தை இல்லை. எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறார். எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அவரை அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். அவருக்கு வேலை குரல் கொடுப்பது. மிக்ஸி விளம்பரத்தில் “அட!” என்று ஒரு குரல் வருமே, அது அத்தை. படங்களில் கூட்டத்துக்குள் யாராவது “ஐயோ, திருடன்!” என்று கத்தினால், அதுவும் பெரும்பாலும் அத்தைதான்.

“மூணு டிக்கெட் வாங்கிட்டேன். நீயும் அம்மாவும் என்கூட வரணும். ஏன்னு கேக்கக் கூடாது” என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

தியேட்டர் வாசலுக்கு வந்ததும் அதே படத்தின் போஸ்டரைக் காட்டினார். “இவ்வளவு நாள் யார்கிட்டயும் சொல்லலை. இதுல நான் பேசியிருக்கேன். கூட்டத்துல ஒருத்தியா இல்லை. முதல் தடவையா பெரிய வேஷம்!”

நான் மெதுவாகக் கேட்டேன். “அத்தை, அக்காவா? தங்கச்சியா?”

“தங்கச்சிடி கண்ணு!”

என் கால் இரண்டும் தரையில் ஒட்டிக்கொண்டன. அம்மாதான் இழுத்துப்போய் உட்கார வைத்தார். படம் ஓடியது. நான் பார்க்கவில்லை. ‘என் அட்டை தொலைந்து போயிருக்க வேண்டும். பெட்டியை எலி கடித்திருக்க வேண்டும்’ என்று வேண்டிக்கொண்டே இருந்தேன்.

இடைவேளையில் மேனேஜர் மைக்கோடு வந்தார். குண்டான மனிதர். மூக்குக் கண்ணாடியை எப்போதும் நெற்றியில்தான் மாட்டியிருப்பார். முதல் அட்டை, ‘குளிர் தாங்கவில்லை, போர்வை கொடுக்கவும்.’ இரண்டாவது, ‘ரொட்டிக் கடைக்காரன் ரொட்டி சுடுவதை ஒரு முறைகூடக் காட்டவில்லை.’ மூன்றாவது அட்டையை வாசிக்கும் முன்பே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அது என் அட்டை.

மனிதர் சும்மா வாசிக்கவில்லை. ஆட்டுக்குட்டி மாதிரி விக்கிக் காட்டினார். துடைப்பத்தால் அடிப்பது போலக் கையை ஓங்கினார். தியேட்டர் அதிர்ந்தது. எல்லோரோடும் சேர்ந்து அத்தையும் சிரிக்க ஆரம்பித்தார். யாரைப் பற்றிய பேச்சு என்பது பாதியில்தான் அவருக்கு உறைத்தது. அந்தச் சிரிப்பை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

“டி பதினொண்ணு! வெள்ளிக்கிழமை டி பதினொண்ணுல உக்காந்த புண்ணியவான் யாருங்க? வந்து பரிசை வாங்கிக்குங்க!”

நான் நாற்காலிக்குள் புதைந்தேன்.

“எந்த வீட்டுப் பிள்ளையோ! நரம்பில்லாத நாக்குன்னா என்ன வேணா சொல்லலாமா?” என்று பொரிந்தார் அம்மா.

“விடுங்க. நல்லாத்தானே எழுதியிருக்காங்க” என்றார் அத்தை.

திரும்பி வரும்போது அத்தைதான் பேசினார். “அந்தச் சிரிப்புதான் எனக்கு வரவே இல்லை. மூணு நாள் போராடினேன். கடைசியில இவ சிரிக்கிறதை மனசுல நினைச்சுக்கிட்டேன். உடனே வந்துடுச்சு.”

ஆக, விக்கல் எடுத்த ஆட்டுக்குட்டி நான்தான். வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று வீட்டுக்குப் போய்ப் போர்வைக்குள் புகுந்துகொண்டேன். வெட்கம் என்றால் வெட்கம், அப்படி ஒரு வெட்கம்.

மறுநாள் மாடிப்படியில் அத்தை அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

“ஸ்டூடியோவுல இன்னொரு படத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். வேண்டாம்னு சொல்லிடப் போறேன்.”

“அட, ஏன்?”

“மிக்ஸிக்கு ‘அட’ன்னு சொன்னா யாருக்கும் பல் கூசாது பாருங்க.”

ஒரு நல்ல பிள்ளை அப்போதே ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கும். நான் சொல்லவில்லை. பயம். அதனால் ஒரு தந்திரம் செய்தேன். தியேட்டர் மேசையிலிருந்து ஐந்து அட்டைகளை எடுத்து வந்து, இடது கையால் எழுதி, புதன்கிழமை பெட்டிக்குள் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைதான் அவற்றை வாசிப்பார்கள் என்பது அந்தப் பயத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை தியேட்டர் வழியாக வந்தபோது மேனேஜர் டிக்கெட் ஜன்னலிலிருந்து கையைக் காட்டினார். “பாப்பா, இங்க வா. நேத்து பெட்டிக்கிட்ட நின்னது நீதானே?”

ஐந்து அட்டைகளும் அவர் முன்னால் வரிசையாக இருந்தன. நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கினார்.

“‘நான் ஒரு மருத்துவர். தங்கையின் குரலைக் கேட்டதும் என் நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். இசட் வரிசை, 40.’ அடுத்தது, ‘நான் ஒரு கப்பல் மாலுமி. இந்தச் சிரிப்பைக் கேட்கவே கரைக்கு வந்தேன். இசட் வரிசை, 41.’” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “நம்ம தியேட்டர்ல எச் வரிசையோட சுவர் வந்துடும். மாலுமி எங்க உக்காந்து பார்த்தாரு? அடுத்த தெருவுலயா?”

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிட்டது. பென்சில் பெட்டியிலிருந்து டி பதினொன்றின் பாதி டிக்கெட்டை எடுத்து ஜன்னலில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அடக் கடவுளே! அந்தம்மா உள்ளயே இருந்தாங்களா? நான் வேற விக்கிக் காட்டினேனே! நாலு பேரு கைதட்டினா எனக்குத் தலைகால் புரியாது பாப்பா.”

“எனக்கும்தான் சார். பரிசு வேண்டாம். அந்த அட்டையை மட்டும் குடுங்க.”

தேடி எடுத்துக் கொடுத்தார். கிழிக்கலாம் என்று பிடித்தேன். அட்டையைக் கிழித்துவிடலாம். அன்றைக்குக் கேட்டவர்கள் காதிலிருந்து அதை எப்படி எடுப்பது?

“சார், நாளைக்கு இடைவேளையில எனக்கு மைக் தருவீங்களா?”

“மைக் ஞாயித்துக்கிழமைதானே?”

“அதுக்குள்ள அத்தை வேண்டாம்னு சொல்லிடுவாங்க சார்.”

அவர் தலையைச் சொறிந்தார். “சரி, வா.”

ஆனால் மைக்குக்கு முன்னால் போக வேண்டிய இடம் ஒன்று இருந்தது. அன்று மாலை மாடிப்படி ஏறினேன். மொத்தம் பதினாறு படிகள். பத்தாவது படியில் இரண்டு தடவை திரும்பிவிட்டேன்.

அத்தை துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் அட்டையை நீட்டினேன். “இதை எழுதினது நான்தான் அத்தை.”

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அட்டையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“நிஜமாவே உனக்குப் பல் கூசிச்சா?”

“இல்லை அத்தை. நான் அழுதேன்.”

“எங்க?”

“சமைக்கத் தெரியும்னு அக்காகிட்ட பொய் சொல்வீங்களே, அப்போ குரல் லேசா உடையும். அங்க.”

“அப்புறம் ஏன் இப்படி எழுதினே?”

“அவங்க சிரிப்பாங்கன்னு எழுதினேன் அத்தை.”

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “சரி, நீ வீட்டுக்குப் போ. எனக்கு வேலை இருக்கு.”

அன்றிரவு அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அம்மா என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு, “நாளைக்கு நானும் வரேன்” என்றார்.

வெள்ளிக்கிழமைக் காட்சிக்கு என் தோழிகளையும் வரச் சொல்லியிருந்தேன். அவர்கள் முன்னால் எழுதியதை அவர்கள் முன்னால்தானே அழிக்க வேண்டும்? இடைவேளையில் மேனேஜர் என் கையில் மைக்கைக் கொடுத்தார். ரெட்டைஜடை ஆவலோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “போடு வெடி!” என்று கத்தினாள்.

நான் மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனேன். “போன ஞாயிற்றுக்கிழமை இங்க ஒரு அட்டை வாசிச்சாங்க. அதை எழுதினது நான். அதுல இருந்தது எல்லாம் பொய். எனக்கு இந்தப் படம் ரொம்பப் பிடிச்சுது. தங்கச்சியோட குரலும் பிடிச்சுது. கடைசியில நான் அழுதேன். அதைச் சொன்னா கேலி பண்ணுவாங்கன்னுதான் அப்படி எழுதினேன். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரங்க அன்னைக்கு என் பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க.”

காது மட்டுமல்ல, என் கழுத்து, முதுகு எல்லாம் சுட்டது. தோழிகள் இருந்த பக்கம் நான் பார்க்கவே இல்லை.

பின் வரிசையிலிருந்து ஒரு முரட்டுக் குரல் வந்தது. பெரிய மீசை வைத்த லாரி டிரைவர், மடியில் குழந்தையோடு. “நான் ரெண்டாவது தடவையா வந்திருக்கேன் பாப்பா. போன தடவை நானும் அழுதேன்!”

“அழுதாரா? என் முந்தானையே நனைஞ்சு போச்சு!” என்றார் அவர் மனைவி.

தியேட்டர் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் சோடாபுட்டி எழுந்து நின்றாள். “நானும்தான். கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைச்சுக்கிட்டேன்.”

“எனக்கு நிஜமாவே போர்தான். ஆனா குரல் நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள் ரெட்டைஜடை.

மைக்கைத் திருப்பிக் கொடுத்தபோது, “அந்தம்மா நம்பரைக் குடு பாப்பா. நானும் பேசணும்” என்றார் மேனேஜர், மெதுவாக.

சனிக்கிழமை காலை மாடியிலிருந்து அத்தையின் குரல் கேட்டது. “ஏய், இங்க வா!”

ஓடினேன். அத்தை இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“உங்க மேனேஜர் நேத்து ராத்திரி ஃபோன் பண்ணினார். நீ பேசினதை எல்லாம் சொன்னார். அப்புறம் அரைமணி நேரம் மன்னிப்புக் கேட்டார். காதே வலிக்குது.” பெருமூச்சு விட்டார். “எனக்கு இன்னும் கோபம் இருக்கு. தெரியுதா?”

“தெரியுது அத்தை.”

“ஸ்டூடியோவுக்குச் சரின்னு சொல்லிட்டேன். இந்தத் தடவை கிழட்டு ஆந்தை வேஷம். பேசிக் காட்டறேன், எப்படி இருக்குன்னு சொல்லு.”

அத்தை துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் துணிகளுக்கு நடுவே நுழைந்து உட்கார்ந்தார். துணி எதிரொலியை விழுங்கிவிடுமாம், குரல் சுத்தமாகக் கேட்குமாம். உள்ளிருந்து ஆந்தை மூன்று வரி பேசியது.

‘பிரமாதம் அத்தை’ என்று சொல்லிவிட்டால் கோபமெல்லாம் தீர்ந்துவிடும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

“முதல் வரி ரொம்ப நல்லா இருந்துச்சு அத்தை. ஆனா மூணாவது வரியில ஆந்தைக்கு வயசு குறைஞ்சுடுச்சு.”

துணிகள் அசையாமல் நின்றன. பிறகு அத்தையின் தலை வெளியே வந்தது.

“அப்படியா? எனக்கும் அங்கதான் இடிச்சுது” என்றார். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டார். “உள்ள வா. இன்னொரு தடவை பேசறேன். நல்லாக் கேளு.”