ஐந்தாவது கேபின்

மறுபடியும் கேபின் இரண்டு மில்லிமீட்டர் கூடுதல் அகலமாக இருந்தது. நேற்றுப் புகைப்படத்தில் அளந்துதான் பிளாஸ்டிக் தகட்டை வெட்டினான். இன்று அதே புகைப்படத்தை அளந்தால் கணக்கு உதைக்கிறது. இது நாலாவது கேபின். கட்டட வரைபடம் போட்டே பதினெட்டு வருஷம் பிழைத்தவனுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மனசு மரத்துப்போய் நாற்பது நாள் ஆகிறது.

அண்ணன் சுரங்கத்தில் பொக்லைன் ஓட்டினவன். ஒருநாள் மண் சரிந்து, எந்திரத்தோடு அவனை மூடிவிட்டது. ஆறு நாள் தோண்டினார்கள். ஏழாம் நாள் ஓர் அதிகாரி வந்து, "இனிமே உயிரோட இருக்க வாய்ப்பே இல்லைங்க. மேல தோண்டினா தோண்டுறவனும் போயிடுவான். வீட்டு ஆளு ஒருத்தர், நிறுத்திக்கச் சம்மதம்னு எழுதிக் குடுக்கணும்" என்றார். அண்ணி நினைவில்லாமல் கிடந்தாள். கையெழுத்துப் போட்டது இவன்தான்.

"பாக்கறதுக்கு ஏதாவது ஒண்ணு வீட்டுல இருக்கணும் தம்பி" என்று அண்ணி கேட்டதால் அந்தப் பொக்லைனின் சின்ன மாதிரி ஒன்றைச் செய்ய உட்கார்ந்தான். இருபத்தைந்தில் ஒரு பங்கு. அண்ணன் அனுப்பிய ஒன்பது புகைப்படங்களைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. படத்தில் ஏதாவது ஒரு பொருளின் நிஜ அளவு தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் விகிதத்தில் வந்துவிடும். அண்ணனின் உயரத்தை நம்ப முடியாது. ஐந்தரை அடி ஆள், கேட்டால் ஐந்தே முக்கால் என்று அடித்துவிடுவான். அதனால் அவன் பூட்ஸைப் பிடித்துக்கொண்டான். அதே மாதிரி இன்னொரு ஜோடி வீட்டில் இருந்தது. கேபின் தெரிகிற ஒரே படத்தில், கதவைத் திறந்து வைத்து, ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டு அண்ணன் சிரித்தான்.

வெயில் கொளுத்தும் மதியம். மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது, கொல்லையில் அண்ணி துணி அலசும் சத்தம் விட்டுவிட்டு வந்தது, ஒரு சொட்டு மழை இல்லாத நாளில் மேசையைச் சுற்றி மட்டும் ஈரமண் வாடை அடித்தது. மற்றப் படங்களில் எல்லாவற்றையும் திரும்ப அளந்தான். வாளி சரி. சங்கிலிச் சக்கரம் சரி. நாலு கேபின்களையும் செய்த வரிசையில் வைத்தான். ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறியது. அளவு தப்பவில்லை. படத்தில் கேபின்தான் ஒடுங்குகிறது.

தேநீரோடு வந்த அண்ணி, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இது எந்தப் படம் தம்பி? அவரு காலை வெளிய நீட்டிக்கிட்டுல்ல இருப்பாரு?"

அவன் படத்தின் மேல் கையை வைத்து மூடினான்.

"இது வேற படம் அண்ணி."

"ஓ. ஆறிடப் போகுது, குடிங்க."

அவள் போகும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தான்.

பூட்ஸ் இல்லை. கதவு மூடியிருந்தது. கூரை இறங்கியிருந்தது. அண்ணன் கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்து, முழங்கால் இரண்டையும் மார்போடு ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சிரிப்பில்லை. இவனைத்தான் பார்த்தான்.

பயமாக இருந்தது. நாற்பது நாளில் முதல் தடவையாக ஏதோ ஒன்று உறைத்தது. ஆனால் கை அதன்பாட்டுக்குக் கத்தியை எடுத்தது. புதுத் தகட்டை அளவுக்கு வெட்டியது. ஐந்தாவது கேபின். கட்டைவிரல்கூட உள்ளே நுழையாது.

சரிபார்க்கக் குனிந்தான்.

படத்தில் கதவுக் கண்ணாடியின் மேல் ஒரு வெண்மை. தூசி. விரலால் துடைத்தான். போகவில்லை. சட்டை நுனியால் துடைத்தான். போகவில்லை.

அது உள்பக்கம் இருந்தது.

அண்ணன் வாய்க்கு நேரே, மிளகு அளவுக்கு ஒரு மூச்சு. மெல்லச் சுருங்கியது. மறைந்தது.

மறுபடியும் படிந்தது.