தியாமிகே கவிழ்த்த பானை

அரை வயிற்றோடு பள்ளிக்குப் போவதுகூடத் தியாமிகேவுக்குப் பழகிவிட்டது. அப்பா யோனா குடித்துவிட்டு வருவதுதான் பழகவில்லை. போன வருட வெள்ளம் மக்காச்சோளத்தை அடித்துக்கொண்டு போனதிலிருந்து அவர் இப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் போதகர், கஷ்டகாலத்தில்தான் புத்தி தெளிவாக இருக்க வேண்டும், குடி அதையும் பிடுங்கிக்கொள்ளும் என்றார். அப்பா வரவில்லை. அவருக்கும் சேர்த்துத் தியாமிகே கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் சமையலறைக்குப் பின்னால் ஒரு பானை நிறையச் சோள பீர் நுரைத்துக்கொண்டிருந்தது. அப்பாவுடையது என்று நினைத்து ஒரே தள்ளாகத் தள்ளினாள். கோழிகள் ஓடிவந்து கொத்தின. சற்று நேரத்தில் சேவல் நேராக நடக்க முடியாமல் சுவரில் முட்டியது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அம்மா வந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நாளன்னிக்கு நம்ம நிலத்தக் கொத்த வர்றவங்களுக்கு வச்சிருந்தேன்டி. இது இல்லாம யாரு வருவா?"

அக்கம்பக்கத்தார் கூடிக் கொத்திக் கொடுத்தால், வேலை முடிந்ததும் வீட்டார் பீர் ஊற்ற வேண்டும். ஊர் வழக்கம் அது. மழைக்குமுன் கொத்தாவிட்டால் விதைக்க முடியாது. வீட்டுத் தானியத்தில் பாதி அந்தப் பானையில் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று தியாமிகே அழுதாள்.

பிறகு, "தோப்வா காய்ச்சலாமாம்மா?" என்றாள். அது போதையில்லாத இனிப்புக் கூழ்.

"சின்னப் பிள்ளைங்க குடிக்கிறதுக்குப் பெரியவங்க மண்வெட்டி தூக்குவாங்களா?" என்றாலும், அம்மா அடுப்பை மூட்டினாள்.

தியாமிகே வீடு வீடாகப் போய், பீரைத் தானே கொட்டியதைச் சொல்லி, கூழுக்கு வரும்படி கேட்டாள்.

"சேவலுக்கு விருந்து, எங்களுக்குக் கூழா?" என்று பக்கத்து வீட்டு மாலிசென் மாமா கேலி செய்தார். ஆனாலும் வந்தார். பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்கள் கொத்திவிட்டுக் கூழ் குடித்துக் கிளம்பியபோது ஒரு மூலை கொத்தாமல் மிஞ்சியது.

அப்பா அப்போதுதான் வந்தார். மாமா எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்.

"நான் குடிச்சிருவேன்னுதான் கவுத்தியாம்மா?"

தியாமிகே தலையாட்டினாள். அப்பா மண்வெட்டியை எடுத்தார். இரண்டு வரிசை முடிப்பதற்குள் மழை கொட்டியது. அந்த மூலையில் அந்த வருடம் புல்தான் முளைத்தது.

"நான் ஒழுங்கா இருந்திருந்தா அதுவும் வெளஞ்சிருக்கும்," என்று அதைக் கடக்கும்போதெல்லாம் அப்பா சொல்வார். குடிக்காமல்தான் சொல்வார்.

அடுத்த வருடம் அப்பாவின் மண்வெட்டி முதலில் அந்த மூலையில்தான் விழுந்தது. ஆட்களைக் கூப்பிடும்வரை அப்பா காத்திருக்கவில்லை.