பக்கத்து எண்

செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறு மணிக்கு இரத்தச் சுத்தியகத்தின் எடைமேடையில் ஏறி நிற்பேன். சுவரில் என் எடை தெரியும். அதன் கீழே, போன முறை சுத்தம் முடிந்து இறங்கியபோது இருந்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சிவப்பில் ஒளிரும். இடையில் நான் குடித்த தண்ணீர் அது. சிறுநீரகம் செத்தவர்களால் தண்ணீரை மறைக்க முடியாது.

"ரெண்டு கிலோ நானூறு! ஏளா சொர்ணா, கடலையே குடிச்சிட்டு வந்துட்டியா?"

ஏழாம் நாற்காலியிலிருந்து ஜெசிந்தா அக்கா கேட்பாள். தூத்துக்குடித் துறைமுகத்தில் லாரிகளுக்கு எடை போடும் வேலை அவளுக்கு. அடுத்தவர் எடையை வாய்விட்டு வாசிக்காமல் அவளால் இருக்க முடியாது. நான் பதில் சொல்ல மாட்டேன். எனக்குச் சொல் வருவதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும். எட்டாம் நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டுவேன். தவமணி சிஸ்டர் ஊசி ஏற்றுவார். இயந்திரம் என் இரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவித் திருப்பித் தர நான்கு மணி நேரம் ஆகும்.

இரண்டாவது மணி நேரத்தில் அக்கா ஓர் ஐஸ்கட்டியைக் கைக்குட்டையில் சுற்றி, நாற்காலியின் கைப்பிடியில் தட்டி உடைப்பாள். பெரிய துண்டு எனக்கு. ஒரு நாளைக்கு அறுநூறு மில்லி என்று அளந்து குடிப்பவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆறு ஆண்டுகளாக அப்படித்தான்.

எங்கள் இருவரின் நலஅட்டையும் இரண்டாம் படி. இரண்டாம் படிக்கு டயாலிசிஸ் உண்டு. ஐந்தாம் படிக்கு வளர்நீரகம் உண்டு. நம் உடம்பின் செல்லை எடுத்து, குடுவையில் ஊட்டம் கொடுத்துப் பத்து மாதம் வளர்த்து, திரும்ப நமக்கே பொருத்தும் சிறுநீரகம். கடல்நீர் ஆலையின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. உப்பை வடிக்கும் சவ்வுகளைச் சோதிப்பேன். வளர்நீரகம் வாங்க எத்தனை ஆண்டுச் சம்பளம் வேண்டும் என்று ஒருமுறை கணக்குப் போட்டேன். இருபத்தெட்டு. பிறகு போடவில்லை.

என் அட்டை எண் 412 என்று முடியும். அக்காவுடையது 411. பதிவு செய்த அன்று வரிசையில் நான்தான் முன்னால் நின்றேன். எழுத்தர் என்னை நிமிர்ந்து பார்த்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பின்னால் நின்ற பெண்ணிடம் திரும்பி, "நீங்க போங்க அக்கா" என்றேன். நான் அவளிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கத் தொடங்கியபின் வந்த நான்காவது தேர்தலில்தான் அந்த வாக்கியம் எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது.

இணைச் சட்டம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆளுநர் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் குலுக்கலில் ஒரு குடிமகன் இணையாக விழுவார். அன்றிலிருந்து இணையின் நலஅட்டைதான் வேட்பாளரின் அட்டை. இணைக்கு என்ன மருத்துவமோ அதுதான் அவருக்கும். வென்றால் ஐந்து ஆண்டுகளுக்கும் அதே. மருத்துவச் செலவு என்றால் என்ன என்று ஆள்கிறவர் நம் வரிசையில் நின்று தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதிய சட்டம். இணையின் அட்டையை யாரும் உயர்த்தக் கூடாது என்று எழுத மட்டும் மறந்துவிட்டார்கள்.

அரங்கநாயகி வளர்நீரகத்துக்கு உச்சவிலை விதிப்பேன் என்று சொல்லி நின்றார். அவருக்கு இணையாக விழுந்தவள் தென்காசிப் பக்கத்துக் கபடி வீராங்கனை. அவளுக்கு எந்த மருத்துவமும் தேவைப்படவில்லை. வில்லவன், மருத்துவத்தின் விலையைச் சந்தைதான் சொல்ல வேண்டும் என்று நின்றார். அவருக்கு இதயத்தில் ஒரு வால்வு செயற்கை. அவருக்கான குலுக்கலை அன்று எங்கள் சுத்தியகத்தின் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். மாவட்டம் வந்தது. எங்கள் மாவட்டம். பிறகு எண்கள் ஒவ்வொன்றாக. கடைசிக்கு முந்தைய இலக்கம் ஒன்று. என் எண்ணும் அதுவரை அதேதான். கடைசி இலக்கமும் ஒன்று.

"யேசுவே, அது நாந்தான்" என்றாள் அக்கா.

எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு ஊசி ஏறிய கை. தட்ட முடியாததற்கு அது போதுமான காரணமாக இருந்தது.

மறுநாளே கட்சி அவள் அட்டையை ஐந்தாம் படிக்கு உயர்த்தியது. வில்லவன் நேரில் வந்து அவள் தோளில் கை போட்டு, "இது என் இன்னொரு உடம்பு" என்று படம் எடுத்துக்கொண்டார். அவளை மாடி அறைக்கு மாற்றினார்கள். அங்கே தினமும் சுத்தம் செய்வார்கள். அதனால் வேண்டிய அளவு தண்ணீர் குடிக்கலாம். ஏழாம் நாற்காலிக்குக் குறட்டை விடும் ஓர் ஓய்வுபெற்ற நடத்துநர் வந்தார்.

அக்கா விடவில்லை. சனிக்கிழமைதோறும் கீழே இறங்கி வந்து, ஐஸ்கட்டியை உடைத்து எனக்குத் தருவாள். ஒருநாள் பேசிக்கொண்டே தவமணி சிஸ்டரிடம் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி அண்ணாந்து குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்கியதை எண்ணினேன். பதினொன்று. அதன்பிறகு அவள் தந்த ஐஸ் என் வாயில் கரைய வெகுநேரம் ஆயிற்று.

நான்காம் மாதம் தன் கைப்பேசியைக் காட்டினாள். வளர்ப்பகத்தில் அவளுடைய குடுவையின் நேரலை.

"பாத்தியா குட்டிய. அவரைக்கா மாதிரி இருக்கு. எடை கூடப் போடுதாவ பாரு, நாப்பத்தொண்ணு கிராம். எங்க மேடையில இத வச்சா முள்ளே அசையாது."

"நல்லா இருக்குக்கா."

"கடவுச்சொல் தாரேன், நீயும் வச்சிக்க. எனக்குப் பாக்க ஆளு வேணும்ளா. வீட்டுல யாரு இருக்கா?"

வாங்கிக்கொண்டேன். தினமும் பேருந்தில் பார்த்தேன். நாற்பத்தொன்பது. அறுபத்திரண்டு. எழுபது. இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பான மஞ்சள் திரவத்தில் அது லேசாக அசைந்தது. அது 412-ஆக இருந்தால் என்று ஒருநாள்கூட நினைக்காமல் நான் இறங்கியதில்லை. தப்பு. அது என் 411. நான் விட்டுக்கொடுத்த 411.

சுத்தியகத்தில் அப்படி நினைத்தது நான் மட்டும் அல்ல. "ஜெசிந்தா கால்ல மெட்டி போட்டா நம்ம காலு வலிக்கு" என்றார் ஒருவர். "மினுமினுப்பப் பாரு" என்றார் இன்னொருவர். வில்லவனை யாரும் திட்டவில்லை. அவர் எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தார். அக்கா மாடியில்தான் இருந்தாள்.

ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரியும். வாக்குப்பதிவு எட்டாம் மாதம். குட்டிக்குப் பத்து மாதம் வேண்டும். வில்லவன் தோற்றால் அட்டை இரண்டாம் படிக்கு இறங்கும். இரண்டாம் படிக்குக் குடுவை ஊட்டம் கிடையாது.

ஏழாம் மாதம் ஒரு சனிக்கிழமை, அக்கா என் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "நீ யாருக்குப் போடப்போற?" என்றாள்.

"நீங்க ஓட்டப் பத்திப் பேசக் கூடாதுக்கா." சட்டத்தின் இன்னொரு விதி அது. தேர்தல் முடியும்வரை இணை வாக்கைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் விசாரணை முடியும்வரை அட்டை பழைய படிக்கு இறங்கிவிடும்.

"யாரு கேக்கா? இந்தக் கொரட்டையா?" குரலைத் தாழ்த்தினாள். "அரங்கநாயகிக்கே போடு. அவ வந்தாத்தான் உனக்கு விடியும். எனக்காவண்டி யோசிச்சிக்கிட்டு நிக்காத, என்ன."

"அப்ப உங்க குட்டி?"

"உன் ஒரு ஓட்டுலயா அது சாவப்போவுது? போளா."

சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். அவள் என்னிடம் வாக்குக் கேட்டிருந்தால் நான் அவளை மன்னித்திருப்பேன் என்று தோன்றியது. விட்டுக்கொடுப்பதற்கு இப்போது அவளிடம் ஏதோ இருந்தது. என்னிடம் இருந்ததை நான் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்துவிட்டேன்.

அடுத்த செவ்வாயன்று தேர்தல் ஆணையத்திலிருந்து ஒருவர் வந்தார். கடைசி மாதத்தில் இணைகளைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரையும் விசாரிப்பார்கள். கையில் ஒரு பலகைத்திரை.

"நீங்கதான எட்டாம் நாற்காலி? பயப்படாதீங்கம்மா, ஒரே கேள்விதான்."

இணை ஜெசிந்தா உங்களிடம் வாக்கைப் பற்றிப் பேசினாரா? ஆம். இல்லை. கீழே, விருப்பமிருந்தால் விவரம் சொல்ல ஒரு கட்டம்.

இல்லை என்றால் அது பொய். ஆணையத்திடம் பொய் சொன்னால் என் அட்டை போகும். இதை நான் யோசித்தேன் என்று பின்னால் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். உண்மையில் அப்போது என் கண்முன் ஒரு தொண்டை ஏறி இறங்கியது. ஆம் என்பதைத் தொட்டேன்.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

தலையசைத்தேன், இல்லை என்று.

"அவ ரொம்ப நல்ல பிள்ள சார்" என்றார் தவமணி சிஸ்டர். "வாயில வார்த்தையே இருக்காது."

அன்று மாலையே அட்டை இறங்கியது. வளர்ப்பகம் ஊட்டத்தை நிறுத்தியது. நேரலையை நிறுத்த யாரும் நினைக்கவில்லை. முதல் நாள் வேறுபாடு தெரியவில்லை. இரண்டாம் நாள் ஓரங்கள் வெளுத்தன. மூன்றாம் நாள் அது அசையவில்லை. ஐந்தாம் நாள் சாம்பல் நிறம். எடை மட்டும் குறையாமல் அப்படியே காட்டியது. நூற்றுப் பன்னிரண்டு கிராம். சவ்வு செத்தாலும் எடை இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் வேலையே அதுதான்.

விசாரணை ஒன்பதாம் நாள்தான் நடந்தது. அதற்கு முன்பே, அந்த வியாழக்கிழமை, அக்கா ஏழாம் நாற்காலிக்குத் திரும்பிவிட்டாள். நடத்துநரை மூலைக்கு மாற்றினார்கள். நான் எடைமேடையில் ஏறினேன். அவள் என் எடையை வாசிக்கவில்லை. இரண்டாவது மணி நேரத்தில் ஐஸை உடைத்து, பெரிய துண்டை என் பக்கம் நீட்டினாள். அவள் மறுபடி பக்கத்தில் இருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் இன்றும் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அரங்கநாயகி நான்கு இலட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பதவியேற்ற அன்றே ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். மாநிலத்தில் எந்தக் குடுவையில் எது வளர்ந்துகொண்டிருந்தாலும், அட்டை எந்தப் படியாக இருந்தாலும், ஊட்டத்தை நிறுத்தக் கூடாது. நாற்காலியில் சாய்ந்தபடி திரையில் அதைக் கேட்டோம். எனக்குப் பக்கத்தில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். தூங்கவில்லை.

உச்சவிலை மூன்று மாதம் கழித்து வந்தது. இனி வளர்நீரகம் என் இரண்டு ஆண்டுச் சம்பளம். ஆனால் எங்கள் மாவட்டத்துக்குக் குடுவைகள் முப்பதுதான். புதிதாகப் பதியும் வரிசைப்படி தருவார்கள். பதிவு தொடங்கும் காலையில் ஐந்து மணிக்கே போனேன். எனக்கு முன்னால் நிறையப் பேர் இருந்தார்கள். கடைசியாக நின்றவள் ஜெசிந்தா அக்கா.

அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு வரிசையிலிருந்து விலகி, எனக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்கதான் முன்னாடி."

"நில்லுளா. அன்னைக்கு நீ குடுத்தது. இன்னைக்குச் சரியாப் போச்சு."

"அக்கா, விசாரணையில..."

"உன் பேரையும் நீ ஆம்னு சொன்னதையும் வாசிச்சாவ. என்ன பேசுனேன்னு கேட்டாவ. மறந்துபோச்சுன்னுட்டேன்."

"ஏன்க்கா? சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா குட்டி எழுந்திருக்குமா? நீ பாதிய முழுங்குனதுக்கு உன் அட்டையும் போயிருக்கும். அப்புறம் பக்கத்து நாக்காலியில யாரு? அந்தக் கொரட்டை. நாலு மணி நேரம் எவ கேப்பா?" சிரிக்க முயன்றாள். வரவில்லை. "உன் எடத்துல நான் இருந்தா ரெண்டாம் மாசமே சொல்லியிருப்பேன். பேசாத, முன்னால பாரு."

வரிசை நகர்ந்தது. எழுத்தர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் பின்னால் திரும்பினேன். எனக்கு ஒரே ஒரு வாக்கியம் தெரியும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"யாராவது ஒருத்தர் வாங்கம்மா" என்றார் எழுத்தர்.

அக்கா அசையவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. எழுத்தரின் மேசைமேல் இருந்த கண்ணாடிப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. போய்க் கட்டைவிரலை வைத்தேன். எண் இருபத்தொன்பது என்று வந்தது.

எனக்குப் பின்னால் அவள் மூச்சு விடுவது கேட்டது. ஆறு ஆண்டுகளாகப் பக்கத்து நாற்காலியில் கேட்ட மூச்சு. இப்போது அதில் வேறு எதுவோ கலந்திருந்தது. என்னவென்று எனக்கு உடனே தெரிந்தது. ஏழு மாதம் நான் அப்படித்தான் மூச்சு விட்டேன்.